வெதர்லிக் கோட்டைக்குப் போன சனிக்கிழமை

வெதர்லிக்குப் போகவேண்டும் என்று மனைவி மெற்றில்டா கேட்டபோது மறுப்பதற்கு றெஜினோல்ட்டிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டது றஜீனா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் மெற்றில்டாவுக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவள். கென்ற் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்துக்குப் போய்வந்து, போனில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியிருக்கிறாள். வைக்கோலால் கூரை வேய்ந்த வீடுகள், வாத்துகள் நீந்தும் குளம், அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அகழி சூழ்ந்த பழைய கோட்டை.

"முப்பது வருசத்துக்கு மேலை இந்த நாட்டிலை இருக்கிறம்," என்றாள் மெற்றில்டா, அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே. "டூட்டிங்கையும் குறோய்டனையும் விட்டா என்னத்தைக் கண்டனாங்கள்? நீங்களாவது கார் ஓடின சாட்டிலை நாலு இடம் பாத்திருப்பியள். நான் அந்தப் பள்ளிக்கூடக் குசினிக்குள்ளையே கிடந்திட்டன்."

அது உண்மைதான். றெஜினோல்ட் லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து போன வருடம் ஓய்வு எடுக்கும்வரை மினிகாப் என்ற வாடகைக் கார் ஓடினார். தென் லண்டனில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. வழி சொல்லும் சற் நாவ் கருவி வந்த பிறகும் அதை அவர் மதித்ததில்லை. "அது காட்டுற வழியாலை போனா விமானம் போயிடும்," என்று பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத் தன் வழியால் போவார், நேரத்துக்குக் கொண்டுபோயும் விடுவார். அவர்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் தமிழ்ச் சனத்துக்கு ஹீத்றோ போவதென்றால் றெஜி அண்ணைதான்.

அப்படிப்பட்டவருக்குப் போன நவம்பரில் ஒன்று நடந்தது. கூட்டாளி வாமதேவனைத் தோர்ண்டன் ஹீத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு சிக்னலில் நின்றார். பச்சை விழுந்தது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியவில்லை. கடைப் பெயர்களை வாசிக்க முடிந்தது. பஸ் தரிப்பிடம் தெரிந்தது. ஆனால் அந்தத் தெரு எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது, வீடு எந்தத் திசையில் என்பது மட்டும் துடைத்து எடுத்தாற்போல இல்லாமல் போயிருந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். எப்படியோ ஒரு பெற்றோல் ஸ்ரேசனுக்குள் திருப்பி, என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகவே திரும்பி வந்தது. வீட்டில் ட்ராபிக் என்று சொன்னார்.

அதற்குப் பிறகும் அப்படி நடந்தது. யாருக்கும் சொல்லவில்லை. டூட்டிங்கில் மீன் வாங்கப் போவதற்குக்கூட போனில் வழியைப் போட்டு வைக்கத் தொடங்கினார். மெற்றில்டா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சீற் பெல்ற்றைப் போட்டுக்கொண்டாள். அவள் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்தார்.

இப்போது வெதர்லி. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். "சனிக்கிழமை போவம்," என்றார்.

மே மாதத்துச் சனிக்கிழமை அது, வெயில் எறித்தது. மெற்றில்டா கட்லெற்றும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் எடுத்து வைத்திருந்தாள். றெஜினோல்ட் போனை அதன் தாங்கியில் பொருத்தி, குரலைக் கூட்டி வைத்தார். அந்தப் பெண்குரல் சொல்லச் சொல்லத் திருப்பினார். கைக்கும் காலுக்கும் எதுவும் மறக்கவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. மோட்டர்வேயில் லொறிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தபோது பழைய சந்தோசம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

மோட்டர்வேயை விட்டு இறங்கிய பிறகு வீதி ஒடுங்கிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் ஆளுயரப் பச்சை வேலி, வேலி முழுக்க வெள்ளைப் பூ. ஒரு வளைவில் உழவு இயந்திரம் ஒன்று எதிரே வந்து நின்றது. றெஜினோல்ட் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, அந்த ஒடுங்கிய பாதையில் காரை நூல் பிடித்தாற்போலப் பின்னுக்கு எடுத்து, வேலி விலகிய ஓர் இடத்தில் ஒதுக்கினார். உழவு இயந்திரக்காரன் கையை உயர்த்திவிட்டுப் போனான்.

"இந்த ரோட்டிலை வேற ஆரும் உப்பிடிப் பின்னுக்கு எடுப்பினமோ?" என்றாள் மெற்றில்டா.

அவர் சிரித்தார். அடுத்த சந்தியில் போனின் குரல் நின்றுபோனது. திரையில் வரைபடம் இல்லை. வெறும் சாம்பல் நிறம். மூன்று பாதைகள் பிரிந்தன. மூன்றும் ஒரே வேலி, ஒரே பூ. அவர் பிரேக்கை அழுத்தினார்.

"இடப்பக்கம்," என்றாள் மெற்றில்டா சாதாரணமாக. "பலகையிலை போட்டிருக்கு."

மரப்பலகை ஒன்று வேலிக்குள் பாதி மறைந்து நின்றது. தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததுபோல அவர் தலையாட்டிவிட்டு இடப்பக்கம் திருப்பினார்.

வெதர்லி றஜீனாவின் படங்களில் இருந்ததைவிட அழகாக இருந்தது. நடுவில் புல்வெளி, அதன் ஓரத்தில் குளம். தேவாலயக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒருவரும் இல்லை. கல்லில் வடித்த வீரன் ஒருவன் கைகூப்பியபடி தன் கல்லறைக்கு மேலே மல்லாந்து கிடந்தான். மூக்கு உடைந்திருந்தது. காலடியில் ஒரு கல்நாய். மெற்றில்டா நாயின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"முந்தி இது எங்கட கத்தோலிக்கக் கோயிலாத்தான் இருந்திருக்கும்," என்று மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கால ராசா வந்து தன்ர சபைக்குப் பிடுங்கினதெல்லோ." பிறகு முழங்காலில் இருந்து செபித்தாள். எழும்புவதற்கு அவர் கைகொடுத்தபோது அந்தக் கையை உடனே விடாமல் வைத்திருந்தாள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

குளத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. ஸ்கோன் என்ற பணிசும் தேத்தண்ணியும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே வாத்துகள் வரிசையாக வீதியைக் கடந்தன. ஒரு கார் அவற்றுக்காக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, "பொறு, போய் ஓடர் குடுத்திட்டு வாறன்," என்று கவுண்டருக்குப் போனார். இரண்டு ஸ்கோன், இரண்டு தேத்தண்ணி என்று சொன்னதும் அங்கே நின்ற பெண் தடுமாறினாள்.

"ஏற்கனவே சொன்னீர்களே ஐயா, இதோ வருகிறது."

அவர் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து மெற்றில்டாவின் குரல் கேட்டது. "அவருக்கு நல்ல பசி," என்றாள் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டு. அந்தப் பெண்ணும் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பதில் அவ்வளவு சுறுக்காக எப்படி வந்தது என்பது றெஜினோல்ட்டுக்கு உறுத்தியது. அவளுடைய ஆங்கிலம் யோசித்து யோசித்து வருவது. இது தயாராக இருந்த பதில். ஸ்கோனில் ஜாமைப் பூசிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை கிராமத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. புல்வெளி ஒன்றைக் கார் பார்க்காக விட்டிருந்தார்கள். ஏராளமான கார்கள். ரிக்கெற் விற்கும் சிறு மரக்கொட்டிலைத் தாண்டி, அகழிக்கு மேலான பாலத்தால் உள்ளே போனார்கள். கூரை போய், மதில்களும் இரண்டு கோபுரங்களும் மட்டும் மிஞ்சிய கோட்டை. ஒரு மதிலில் பெரிய ஓட்டை. பீரங்கி அடித்ததாம், பலகையில் எழுதியிருந்தது.

கோபுரப் படிகள் சுருள் சுருளாக, இருட்டாக இருந்தன. றெஜினோல்ட்டுக்கு முழங்கால் நோவு. "நீ ஏறிப் பாத்திட்டு வா. நான் இதிலை இருக்கிறன்," என்று ஒரு வாங்கைக் காட்டினார்.

"உங்கட போனைத் தாங்கோ. என்ர போனிலை படம் வடிவா வராது."

கொடுத்தார். அவள் போகாமல் நின்றாள். "இந்த வாங்கை விட்டு எங்கையும் போகாதேங்கோ, என்ன?"

"ஓமோம், போ."

அவள் இருட்டுக்குள் நுழைந்து மறைந்தாள். கொஞ்ச நேரம் அவர் அசையவில்லை. பிறகு சிறுநீர் முட்டியது. கழிவறை மதிலுக்கு அந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. போய்விட்டு வெளியே வந்தார். வந்த வழி எது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் கல்மதில். எல்லா மதிலுக்கும் நடுவில் ஒரு வாசல். ஒரு வாசலால் போனார், அகழி வந்தது. திரும்பினார். பிள்ளைகள் மரவாள்களை வைத்துக்கொண்டு கத்தியபடி அவரைக் கடந்து ஓடினார்கள். வாங்கு ஒன்றைக் கண்டு அதை நோக்கி நடந்தார். அது வேறு வாங்கு, அதில் ஒரு குடும்பம் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மெற்றில்டாவைக் கூப்பிடலாம் என்று சட்டைப்பையைத் தடவினார். போன் இல்லை. எங்கே போனது என்று நினைவு வரவில்லை. கை கார்த் திறப்பில் பட்டது. அது இருந்தது நல்லதாய்ப் போயிற்று. காருக்குப் போனால் அவள் எப்படியும் அங்கே வருவாள். சனம் போய்க்கொண்டிருந்த பக்கமாகத் தானும் போனார். பாலம் வந்தது, கொட்டில் வந்தது, கார்கள் தெரிந்தன.

தன் வெள்ளி நிற ரொயோட்டாவைத் தூரத்திலேயே கண்டுகொண்டார். கிட்டப் போய்த் திறப்பை அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பற்றரி போய்விட்டதாக்கும் என்று கைபிடியை இழுத்தார். அந்தப் பக்கம் போய் மற்றக் கதவையும் இழுத்துப் பார்த்தார். கண்ணாடியில் முகத்தை வைத்துக் கையால் வெயிலை மறைத்து உள்ளே பார்த்தார். பின் சீற்றில் குழந்தை இருக்கை ஒன்று இருந்தது. இதை யார் வைத்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் குரல் கேட்டது.

"உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?"

மினிகாப் ஓட்டிய காலத்தில் அந்தக் கேள்வியை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். வசதியான தெருக்களில் ஆளுக்காகக் காத்து நிற்கும்போது, யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்து இப்படித்தான் கேட்பார்கள். உதவி செய்வதற்காகக் கேட்கும் கேள்வி அல்ல அது.

இளம் வயது ஆங்கிலேயன் ஒருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. அவள் தன் சின்ன மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் விட்டாள். றெஜினோல்ட் அந்தக் கையைப் பார்த்தார்.

"இது என் கார்," என்றார்.

"இல்லை. இது என் கார்."

"என் திறப்பு இருக்கிறது." எடுத்துக் காட்டினார்.

"சரி, உங்கள் காரின் இலக்கம் என்ன?"

வாய் தானாகத் திறந்து ஓர் இலக்கத்தைச் சொன்னது. சரளமாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னது. சொல்லி முடிந்த பிறகுதான் அது தன் பழைய மினிகாப்பின் இலக்கம் என்று அவருக்கு உறைத்தது. அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போதைய இலக்கத்தைத் தேடினார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த இளைஞன் தன் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், போனை எடுத்தான்.

பக்கத்துக் கார்களில் ஏறப்போனவர்கள் நின்று பார்த்தார்கள். றெஜினோல்ட் இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரியும்படி வெளியே வைத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் இராணுவச் சோதனைச்சாவடியில் நின்று பழகிய உடம்பு அது, அதற்கு மறக்கவில்லை.

கொட்டிலிலிருந்து பச்சை மேலங்கி போட்ட பெண் ஒருத்தி வந்தாள். நரைத்த தலை. சட்டையில் ஹெலன் என்று பெயர் குத்தியிருந்தது. அவள் இளைஞனோடு பேசவில்லை. நேரே அவரிடம் வந்து, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

"றெஜினோல்ட்."

"யாரோடு வந்தீர்கள், றெஜினோல்ட்?"

"என் மனைவி. மெற்றில்டா."

"அவருடைய போன் நம்பர் தெரியுமா?"

பூச்சியம் ஏழு என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

"பரவாயில்லை. வீடு எங்கே?"

"டூட்டிங்," என்றார். பிறகு அது பிழை என்று தெரிந்தது. டூட்டிங்கில் அறை எடுத்து இருந்தது கலியாணம் முடித்த புதிதில். "இல்லை, டூட்டிங் இல்லை. பக்கத்தில். பக்கத்தில்தான்."

அந்த இளைஞன் போனைக் கீழே இறக்கினான். அவன் முகம் மாறிவிட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றான். "எனக்குத் தெரியவில்லை. என் அப்பாவுக்கும்..." முடிக்காமல் நிறுத்தினான். அவன் மனைவி மகளின் கையை விட்டாள். சுற்றி நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். சற்று முன்பு தன்னைக் கள்ளன் என்று பார்த்த பார்வையையே றெஜினோல்ட் திரும்பக் கேட்டு வாங்கியிருப்பார். கள்ளன் என்றால் வாதாடலாம். இந்த இரக்கத்தோடு என்ன வாதாடுவது?

ஹெலன் அவரை வெயிலிலிருந்து கூட்டிப்போய்க் கொட்டிலுக்குள் இருத்தினாள். கைரேடியோவில் யாரிடமோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மெற்றில்டா ஓடிவந்தாள். ஓடியே பழக்கமில்லாதவள். சால்வை ஒரு தோளில் மட்டும் தொங்கியது, மூச்சு வாங்கியது. அவள் ஏசுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஹெலனிடம் திரும்பி, "இவருக்கு ஞாபகப் பிரச்சினை இருக்கிறது. மிகவும் நன்றி," என்றாள், ஆங்கிலத்தில், தடங்கல் இல்லாமல்.

ஹெலன் கொட்டிலைவிட்டு வெளியே போனாள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டார் றெஜினோல்ட்.

"கிறிஸ்மஸுக்கு முன்னமே."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் என்ர கார்லை ஏறினனீ? நடுரோட்டிலை எனக்கு ஏதும் நடந்திருந்தா?"

அவள் சால்வையைச் சரிசெய்தாள். "டொக்டரிட்டைப் போனா முதல் வேலையா லைசென்ஸை வாங்கிப்போடுவினம் எண்டு பிறேமினி சொன்னவள். போறதுக்கு முதல் ஒருக்கா உங்களோடை இப்பிடி வரவேணும்போல இருந்தது. அவ்வளவுதான். பிழைதான், எனக்குத் தெரியும்."

"பிறேமினிக்கும் தெரியுமோ?"

"ஓம்."

பிறேமினி அவர்களுடைய ஒரே மகள். கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஃபார்மசி ஒன்றில் வேலை. வாராவாரம் வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போகிறவள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தது தான் மட்டும்தான்.

"சரி, வா. வீட்டை போவம்," என்று எழுந்தார். "ஓட எனக்கு ஏலும். வழியை நீ சொல்லு."

"ஏலாது," என்றாள் மெற்றில்டா.

இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் அந்தச் சொல்லை இப்படிச் சொன்னதில்லை. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. பழகு என்று அவர் சொன்னதும் இல்லை, தான் இருக்கையில் அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். வெதர்லிக்குச் சனி ஞாயிறில் பஸ் கிடையாது என்றாள் திரும்பி வந்த ஹெலன். ஸ்ரேசன் வெகுதூரம். மகளுக்கு எடுக்கலாம், ஆனால் இங்கே போன் வேலை செய்யாது. கோட்டைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால் கிடைக்கும்.

மெற்றில்டா மேட்டில் ஏறினாள். ஏற்கனவே கோபுரம் ஏறிக் களைத்த கால்கள். புல்லில் சறுக்கி, ஒரு கையை ஊன்றி, மறுபடி ஏறினாள். கொட்டில் வாசலில் நின்று றெஜினோல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் அவள் சின்ன உருவமாக நின்று போனைக் காதில் வைத்தாள். நீண்ட நேரம் பேசினாள். ஒருமுறை கண்ணைத் துடைத்தாள்போல இருந்தது, இல்லை காற்றுக்குத் தலைமயிரை ஒதுக்கியிருக்கலாம். என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் தெரியும்.

கோட்டை மூடும் நேரம் வந்தது. கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த இளைஞன் தன் வெள்ளி நிறக் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிக் கையசைத்தான். றெஜினோல்ட்டின் கார் புல்வெளியின் மறுகரையில் இருந்தது. அதுவும் வெள்ளி நிறம்தான், ஆனால் பக்கத்தில் பார்த்தால் வேறு மாதிரி. மகள் வரும்வரை தானும் இருப்பதாக ஹெலன் சொன்னாள். பிறகு உள்ளே ஆளில்லையா என்று பார்த்துக் கதவுகளைப் பூட்டப் போனாள்.

அவர்கள் காருக்குள் போய் இருந்தார்கள். பழக்கத்தில் அவர் ஓடுகிற சீற்றில் ஏறிவிட்டார், மெற்றில்டா பக்கத்தில். அவள் கட்லெற் பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாட்போர்ட் பாலத்திலை ட்ராபிக்காம்," என்றாள். "சுணங்கும்."

குட்மேய்ஸிலிருந்து ஒரு பிள்ளை தன் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஓடிவருகிறது. அதை நினைக்க அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கட்லெற்றைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். என்ஜினைப் போட்டார்.

மெற்றில்டா அவரைத் தடுக்கவில்லை. பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். கார் வெறும் புல்வெளியைக் கடந்து மெல்லமாகப் படலையடிக்கு வந்தது. கிளச்சில் கால், கியரில் கை, எல்லாம் தங்கள் தங்கள் இடத்தில் இருந்தன. படலைக்கு வெளியே வீதி. வலப்பக்கமும் வேலி, இடப்பக்கமும் வேலி. பலகை எதுவும் இல்லை. எந்தப் பக்கத்தால் வந்தோம் என்று அவர் யோசித்தார். உழவு இயந்திரம் நினைவுக்கு வந்தது. வாத்துகள் நினைவுக்கு வந்தன. அவை எந்தப் பக்கம் என்பது வரவில்லை.

"எந்தப் பக்கம், மெற்றில்டா?"

"எனக்குத் தெரியாது," என்றாள். சற்றுப் பொறுத்து, "தெரிஞ்சாலும் சொல்லமாட்டன்," என்றாள்.

இன்டிகேற்றர் போட்டிருந்தார் போலிருக்கிறது. டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்துக்குப் போட்டோம் என்றுகூட அவர் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு காரைப் பின்னுக்கு எடுத்து, படலைக்கு இப்பால் ஒழுங்காக நிறுத்தி, என்ஜினை அணைத்தார். மெற்றில்டா மூச்சை விட்டாள். அதுவரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறேமினியும் அவள் கணவன் ஜெனோசனும் வந்து சேர்ந்தபோது வெயில் மதில்களின் உச்சியில் மட்டும் இருந்தது. பிறேமினி இறங்கி ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். "இட்ஸ் ஓகே அப்பா, இட்ஸ் ஓகே," என்று முதுகைத் தட்டினாள். குழந்தையாக அவள் அழுதபோது அவர் தட்டியதுபோல அல்ல, ஃபார்மசிக்கு வருகிற வயதானவர்களை அவள் தட்டுவதுபோல இருந்தது. பிறகு ஹெலனிடம் போய் நன்றி சொன்னாள். இருவரும் கொஞ்சநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

ஜெனோசன் காரடியில் நின்று நெளிந்தான். பெரியவரிடம் இதைக் கேட்க அவனுக்கும் கூச்சம். "மாமா," என்றான் கடைசியில், "கீயைத் தாங்கோ. நான் கொண்டுவாறன்."

றெஜினோல்ட் கொடுத்தார். அவன் சீற்றைத் தன் காலுக்கு ஏற்றபடி தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். முன்சீற்றில் இருக்கச் சொல்லிக் கேட்டான். அவர் வேண்டாம் என்று பின்னால் ஏறினார், மெற்றில்டா பக்கத்தில் ஏறினாள். அந்தக் காரின் பின்சீற்றில் அவர் அதற்கு முன் இருந்ததே இல்லை. பெல்ற்றின் கொளுவி எங்கே என்று தடவிக்கொண்டிருந்தார். மெற்றில்டா குனிந்து அதைப் பூட்டிவிட்டாள்.

பிறேமினி தங்கள் காரில் பின்னால் வர, மோட்டர்வேயில் ஜெனோசன் மெதுவாகத்தான் ஓடினான், தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடித்தான். ஒவ்வொரு முறையும் றெஜினோல்ட்டின் வலக்கால் தரையை அழுத்தியது.

கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளியே இருட்டிவிட்டது. அவரை முன்னறையில் இருத்தி ரீவியைப் போட்டுவிட்டார்கள். ஜெனோசன் பக்கத்தில் இருந்து மரியாதைக்குப் பந்து விளையாட்டைப் பார்த்தான். குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. தாயும் மகளும் பேசுவது கேட்டது.

"காரை நாங்கள் குட்மேய்ஸுக்குக் கொண்டுபோறம் அம்மா. இஞ்சை நிண்டா அப்பா எடுப்பார்."

"என்னெண்டு அவரிட்டைச் சொல்லுறது?"

"சேர்விஸுக்கு எண்டு சொல்லுங்கோ. மண்டே ஜீ.பீ. டொக்டருக்கு நான் போன் பண்ணுறன். நீங்கள் வேலைக்குப் போற நேரம் ஆரோ அவரோடை இருக்கோணும். வாமதேவன் அங்கிளைக் கேக்கலாமோ?"

தன் நாட்களை அடுத்த அறையில் வைத்து யாரோ பிரித்துக்கொண்டிருப்பதை றெஜினோல்ட் கேட்டுக்கொண்டிருந்தார். சேர்விஸ் என்று பொய் சொல்லத் தேவையில்லை, காரைக் கொண்டுபோங்கோ என்று சொல்ல நினைத்தார். டொக்டரிடம் தானே போவேன், வழி தெரியாமல் போனால் ஆட்களிடம் கேட்பேன், வாமதேவனுக்கு இதைச் சொல்லவேண்டாம், அவன் நாளைக்கே ஊருக்கெல்லாம் சொல்லிப்போடுவான் என்று சொல்ல நினைத்தார். ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கினார். எது முதல், எது பிறகு என்று ஒழுங்குபடுத்தினார்.

மெற்றில்டா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பின்னால் பிறேமினி.

"இஞ்சருங்கோ. திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறதைப் பற்றிக் கதைச்சனாங்கள். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவர் நிமிர்ந்தார். ரீவியின் சத்தத்தை ஜெனோசன் குறைத்தான். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்வதற்கு நிறைய இருந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இந்தக் கணத்துக்குத்தான் காத்திருந்தார் என்பதும் தெரிந்தது. அடுக்கி வைத்தவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

"உங்களுக்கு வசதியானபடி செய்யுங்கோ," என்றார்.

மெற்றில்டா இன்னும் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு திரும்பிக் குசினிக்குள் போனாள். மகளோடு அவள் மறுபடி பேசத் தொடங்குவது அவருக்குக் கேட்டது.